முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள்: 229-ஆ, 500-ஆ?

மந்த்ரஸ்தாயி:

எல்லோருக்கும் வணக்கம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் எத்தனை கிருதி (பாட்டு) செய்தார் என்று கேட்டால் "சுமார் 500" என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1904-ல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலில் (சுருக்கமாகப் பிரதர்சினி) இருக்கும் தீட்சிதர் உருப்படிகள் 229. தொகுத்த சுப்பராம தீட்சிதர் வெளி ஆள் இல்லை. முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமிக்கு மகள் வயிற்றுப் பேரன். பாலுசுவாமியே சுவீகாரம் எடுத்து வளர்த்த பிள்ளை. ஆனால் அவர் பிறந்தது 1839-ல். பெரியவர் காலமானதோ 1835 தீபாவளியன்று. ஆகவே முத்துசுவாமி பாடி இவர் கேட்டதில்லை. குடும்பத்தில் வழிவழியாக வந்ததைக் கமகக் குறிகளோடு (ஸ்வரத்தை அசைக்கும் விதத்தைக் காட்டும் அடையாளங்களோடு) எழுதி வைத்தார். மீதி இருநூற்றுச் சொச்சம் பிற்பாடு வந்தவை. அதில் பெரும்பங்கு கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் பதிப்பித்த தொகுப்புகளில் வெளியானது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீட்சிதர் பாட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் அவருடைய வேலை நம் கண்ணில் படாது. அவர் வரிசை வரிசையாகச் செய்தவர். ஒரு சன்னதியை எடுத்துக்கொண்டால் சுவாமி பெயரை எட்டு வேற்றுமையிலும் வைத்து எட்டுப் பாட்டு பாடுவார். பஞ்சபூதத் தலங்கள் என்றால் ஐந்துக்கும் ஐந்து. எந்தப் பாட்டு எந்த வரிசையில் உட்காருகிறது என்று பார்த்தால்தான் அவர் மனம் ஓடிய விதம் தெரியும். கூடவே, எது அவருடையது, எது சந்தேகம் என்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும்.

ராகவேட்டை:

நல்ல இழை சார். ஆனால் 229-ஐ எல்லைக்கோடாக வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தீட்சிதருக்கு சிஷ்யர்கள் குடும்பத்துக்கு வெளியேதான் அதிகம். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பன், திருவாரூர் கமலம். இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் பாடாந்தரம் (பாடும் முறை) தனியாக வளர்ந்தது. தம்பியப்பனிடம் கற்றவர் சாத்தனூர் பஞ்சநத ஐயர். அவரிடம் கற்றவர் வீணை தனம்மாள். எட்டயபுரம் பக்கமே போகாமல் வந்த வழி இது. சுப்பராம தீட்சிதர் கைக்கு வராத பாட்டு இந்த வீடுகளில் இருந்திருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. பிரதர்சினி ஒரு சங்கீத லட்சண நூல், அதாவது இசை இலக்கண நூல். ராகங்களை மேள (தாய் ராக) வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கொடுத்துக்கொண்டு போகிறது. "என் பெரியப்பா பாட்டு மொத்தமும் இவ்வளவுதான்" என்று கணக்கு முடிக்கும் நோக்கமே அதில் கிடையாது.

மந்த்ரஸ்தாயி:

ராகவேட்டை, நீங்கள் சொல்லும் பரம்பரை வாதத்தை நானும் ஏற்கிறேன். 229-க்கு வெளியே இருப்பதெல்லாம் போலி என்று நான் சொல்லவரவில்லை. வரிசையை வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நவக்கிரக கிருதிகள்.

கிழமை வரிசையில் பாருங்கள். ஞாயிறு: சூர்யமூர்த்தே, சௌராஷ்டிரம், துருவ தாளம். திங்கள்: சந்த்ரம் பஜ, அசாவேரி, மட்டியம். செவ்வாய்: அங்காரகம், சுரட்டி, ரூபகம். புதன்: புதமாஸ்ரயாமி, நாட்டக்குறிஞ்சி, ஜம்பை. வியாழன்: பிருஹஸ்பதே, அடாணா, திரிபுடை. வெள்ளி: ஸ்ரீ சுக்ர, பரஸ், அட தாளம். சனி: திவாகரதனுஜம், யதுகுலகாம்போதி, ஏகம்.

துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். அலங்காரம் என்ற ஆரம்பப் பாடம் கற்றுக்கொள்ளும் குழந்தை எந்த வரிசையில் தாளம் போடுமோ அதே சூளாதி சப்த தாள வரிசை. ஏழு கிழமைக்கு ஏழு தாளம், ஒன்றுகூட இடம் மாறவில்லை. இது தற்செயலாக அமையாது. உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது.

இப்போது ராகுவுக்கும் கேதுவுக்கும் வாருங்கள். ராகுவுக்கான ஸ்மராம்யஹம், கேதுவுக்கான மஹாசுரம் இரண்டும் ரூபகத்தில் இருக்கின்றன. செவ்வாயன்றே வந்துபோன தாளம். ஏழு தாளமும் ஏழு கிழமையும் தீர்ந்தபின் அந்த இரண்டுக்கும் வரிசையில் இடமில்லை. பிரதர்சினியிலும் ஏழுதான் இருக்கிறது. "நவக்கிரகம் என்றால் ஒன்பது வேண்டுமே" என்று பின்னால் யாரோ சேர்த்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய வழக்கில் இவற்றுக்கு வார கிருதிகள் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏழு போதும்.

தந்தி மீட்டுபவர்:

வீணைக்காரியாக என் பங்கையும் சொல்கிறேன்.

பிரதர்சினியின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை, அதில் இருக்கும் குறிகளில் இருக்கிறது. கம்பிதம், நொக்கு, ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது), ஒதுக்கல், ஸ்புரிதம் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலே அடையாளம் போட்டிருக்கிறார். புத்தகத்தை எதிரில் வைத்து, விரலை அந்தக் குறி சொல்லும் இடத்தில் மட்டும் வைத்து வாசித்துப் பாருங்கள். கச்சேரியில் கேட்டுப் பழகின உருப்படியே வேறு முகம் காட்டும். ஓட்டம் நிதானப்படும். நாம் வேக வேகமாகத் தாண்டிப்போகும் இடத்தில் தீட்சிதர் ஒரு நீண்ட ஜாரு வைத்திருப்பார். தீட்சிதரும் வைணிகர், அவர் சாகித்தியம் வீணைத் தந்தி இழுக்கிற அளவுக்குத்தான் நீள்கிறது என்பது வாசிக்கும்போதுதான் புரியும்.

'மீனாக்ஷி மே முதம்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பூர்விகல்யாணி என்கிறோம், பிரதர்சினியில் கமகக்ரியா. சரணத்தில் "வீணா கான தச கமகக்ரியே" என்று வருகிறது. வீணை, பத்துவகைக் கமகம், ராகத்தின் பெயர் மூன்றும் மீனாட்சியை விளிக்கும் ஒரே தொடருக்குள் அடங்கிவிட்டன. ராகத்தின் பெயர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பிறகு மத்தியமகால சாகித்தியம்: "மதுமுரரிபு சோதரி சாதோதரி விதிகுருகுஹ வசங்கரி சங்கரி". அதுவரை யானைநடையில் வந்தது அங்கே இரட்டிப்பு ஓட்டம் எடுக்கும். தலத்தின் பெயர், ராகத்தின் பெயர், அவர் தன் அடையாளமாக வைக்கும் குருகுஹ முத்திரை எல்லாம் இருக்கின்றன, எதுவும் திணித்ததாக இல்லை. எட்டயபுரத்தில் கடைசி நாளில் சிஷ்யர்கள் இந்தப் பாட்டைப் பாட, "மீனலோசனி பாசமோசனி" என்ற இடத்தில் அவர் உயிர் பிரிந்ததாகப் பரம்பரையில் சொல்வார்கள்.

கமலாலயக்கரை:

எங்கள் ஊர் பெயர் இன்னும் வரவில்லையே! திருவாரூரை விட்டுவிட்டு தீட்சிதர் வரிசையைப் பேசவே முடியாது.

1775-ல் பிறந்ததும் இங்கேதான். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, தீட்சிதர் மூவருக்கும் இதுவே பிறந்த ஊர். ஆனால் மூவரில் கோயிலுக்குள் சன்னதி சன்னதியாக நின்று பாடியவர் தீட்சிதர் ஒருவர்தான். பெரிய கோயிலின் உள்ளே இருக்கும் லிங்கங்களைக்கூட விடவில்லை. அசலேஸ்வரருக்கு பூபாளத்தில் சதாசலேஸ்வரம், ஹாடகேஸ்வரருக்கு பிலஹரி, வன்மீகநாதருக்கு காம்போதி, ஆனந்தேஸ்வரருக்கு ஆனந்தபைரவி, சித்தேஸ்வரருக்கு நீலாம்பரி. ஊர்க்காரர்களே விளக்குப் போடாமல் கடந்துபோகிற சன்னதிக்கும் அவர் ஒரு முழுக் கிருதி வைத்திருக்கிறார்.

நீலோத்பலாம்பாள் வரிசை இன்னும் விசேஷம். எட்டு வேற்றுமைக்கு எட்டுப் பாட்டு, எட்டு ராகத்தின் பெயரும் கௌள என்றே முடியும். நாராயணகௌள, ரீதிகௌள, கன்னடகௌள, கேதாரகௌள, கௌள, மாயாமாளவகௌள, பூர்வகௌள, சாயாகௌள. அம்மன் சன்னதியில் நின்று பாடுகிற பக்தனுக்குள் ஒரு லட்சணக்காரரும் சேர்ந்தே நின்றிருக்கிறார். கௌள என்ற பெயரைப் பங்குபோட்டுக்கொள்ளும் எட்டு ராகத்தையும் அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று எங்கே விலகுகிறது என்று காட்டிவிட்டார்.

எனக்கு உயிரான பாட்டு எங்கள் கோயில் தியாகராஜ சுவாமி மேல் செய்த 'த்யாகராஜ யோக வைபவம்', ஆனந்தபைரவி. பல்லவி "த்யாகராஜ யோக வைபவம்" என்று தொடங்கும். பிறகு அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம் என்று முன்னாலிருந்து தேய்ந்துகொண்டே வரும். பசுவின் வால் போலக் குறுகுவதால் இது கோபுச்ச யதி. சரணத்தின் முடிவில் சம், ப்ரகாசம், ஸ்வரூப ப்ரகாசம், தத்வ ஸ்வரூப ப்ரகாசம் என்று ஆறு போல விரிந்துகொண்டே போகும். தேய்கிறபோதும் வளர்கிறபோதும் ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் இருக்கிறது. தாளமும் பிசகாது. எத்தனை முறை கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது.

இசைத்தமிழ்:

படிக்கப் படிக்க மகிழ்ச்சி. ஆனால் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கோயில் ஒவ்வொன்றையும் நடந்து பார்த்தவர், திருவாரூரில் பிறந்தவர். தேவாரம் பாடுகிற ஓதுவார்களை அவர் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் சமஸ்கிருதத்திலேயே செய்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்திக்கு அந்தப் பாட்டின் பொருள் யாராவது சொன்னால்தான் தெரியும்.

தந்தி மீட்டுபவர்:

உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. மணிப்பிரவாளமாகச் சில இருக்கின்றன. காபியில் 'வேங்கடாசலபதே', ஸ்ரீராகத்தில் மாயூரம் அபயாம்பாள் மேல் ஒன்று. இவற்றில் தமிழும் கலந்து வரும். தெலுங்கிலும் சில செய்திருக்கிறார். அளவில் அது கொஞ்சம்தான், மறுக்கவில்லை.

ஆனால் யார் அவருடைய பாட்டைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். நட்டுவனார்கள், மத்தளக்காரர், கோயிலில் ஆடிய கமலம், பிறகு நாகஸ்வரக்காரர்கள். ராகவேட்டை சொன்ன பட்டியலே போதும். கோயில் தொழில் செய்த தமிழ்க் குடும்பங்கள்தான் அந்த சாகித்தியத்தை நெஞ்சில் வைத்திருந்தன. தஞ்சை நால்வர் குருவின் மேல் நவரத்னமாலை என்றே ஒரு வரிசை செய்தார்கள். மொழி எதுவாக இருந்தாலும் பாட்டு நம் வீதியில்தான் வளர்ந்தது.

இசைத்தமிழ்:

அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி அம்மா. அவர்கள் பெயரையும் மேடையில் சொல்லிவிட்டுப் பாடினால் எனக்குப் பாதி வருத்தம் தீரும். மொழி பற்றிய மீதிப் பாதி அப்படியேதான் இருக்கும்.

வில்லும் தந்தியும்:

வயலின் கற்கும் மாணவன். மணலி காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே அண்ணா?

மந்த்ரஸ்தாயி:

தம்பி, அது தனி இழைக்குத் தாங்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்து மணலிக்கு அழைத்துக்கொண்டார். சென்னைக் கோட்டைக்கு அருகே இருந்ததால் அண்ணன் தம்பிகள் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியம் கேட்டார்கள். பாலுசுவாமி அங்கேதான் வயலின் கற்றுக்கொண்டு அதில் நம் ராகங்களை வாசித்தார். இன்றைக்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் வில்லுக்கும் அந்த வீட்டுக்கும் நேர் உறவு. முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவை நோட்டு ஸ்வரங்கள், 40 அளவில் கிடைக்கின்றன. 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. 'ச்யாமளே மீனாக்ஷி' எல்லாக் குழந்தைகளும் பாடுகிற நட்சத்திரப் பாட்டின் மெட்டு. எல்லாமே சங்கராபரண ஸ்வரங்கள், கமகமே கிடையாது.

இதே மனிதர்தான் பிறகு சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்து வடநாட்டு இசையையும் கேட்டுவிட்டு வந்தார். திரும்பிவந்து திருத்தணியில் 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' பாடினார், முதல் கிருதி என்று சொல்வது அதைத்தான். பேண்டு வாத்தியம் ஒருபக்கம், வடநாட்டு இசை ஒருபக்கம், வெங்கடமகி என்ற இசை இலக்கணக்காரர் வழி மேளம் ஒருபக்கம். மூன்றையும் காதில் வாங்கியும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை. நோட்டு ஸ்வரத்தில் கமகம் நுழையாது. திருவானைக்காவில் 'ஜம்புபதே' பாடும்போது யமுனாகல்யாணியில் வடநாட்டு வாசனை தாராளமாக வரும்.

ராகவேட்டை:

வடநாட்டு வாசனை என்றதும் த்விஜாவந்தி ராகம் (ஜுஜாவந்தி என்றும் சொல்வார்கள்) ஞாபகம் வந்தது. மேடைக்கு மேடை ஒலிக்கிற 'அகிலாண்டேஸ்வரி ரக்ஷமாம்' பிரதர்சினியில் இல்லை. 'சேத ஸ்ரீ பாலக்ருஷ்ணம்' இருக்கிறது. அப்படியானால் அகிலாண்டேஸ்வரியைப் பாடக்கூடாதா? கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர்!

மந்த்ரஸ்தாயி:

பாடக்கூடாது என்று யார் சொன்னது? தாராளமாகப் பாட வேண்டும். தீட்சிதர் செய்தது என்று உறுதியாகச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம்.

தந்தி அம்மா மேலே காட்டிய "தச கமகக்ரியே"யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ராகத்தின் பெயர் பொருளுக்குள் கரைந்திருக்கிறது. அகிலாண்டேஸ்வரியில் "ஜுஜாவந்தி ராகநுதே" என்று வெளிப்படையாக வருகிறது, "இந்த ராகத்தால் துதிக்கப்படுபவளே" என்று. ராக முத்திரையை இப்படி நேராகப் போட்டு உடைப்பது அவர் கைவழக்கமாக எனக்குத் தெரியவில்லை. குருகுஹ முத்திரை இருக்கிறதே என்றால், அது ஊரறிந்த முத்திரை. பின்னால் வந்த யாரும் அதை வைக்கலாம். மெட்டு அருமையானது, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. செய்தவர் யாரோ, அவர் பெரிய வித்வான். அவர் பெயர் தெரியாமல் போனதுதான் நஷ்டம்.

ராகவேட்டை:

ஒரு வரி பிடிக்கவில்லை என்று ஆசிரியரையே மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. அறுபது வயது வரை செய்தவர். ஒரே கைவழக்கத்தில்தான் எல்லாவற்றையும் செய்திருப்பாரா? திருவாரூர் கமலாம்பாள் மேல் செய்த நவாவரணத்தையே (ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணத்துக்கு, அதாவது சுற்றுக்கு, ஒன்பது பாட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்தபைரவியில் முதல் வேற்றுமையில் தொடங்கி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா என்று ஆவரணத்துக்கு ஒரு வேற்றுமையாகப் போகிறார். ஒன்பதாவது ஆஹிரிக்கு வேற்றுமை மீதியில்லை. அங்கே என்ன செய்தார்? எட்டு வேற்றுமையையும் அந்த ஒரே பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். தான் போட்ட வரிசையைத் தானே மீறி விரிக்கத் தெரிந்தவர் அவர். அப்படியிருக்க, ராகு கேதுவுக்குத் தாள வரிசையை நீட்டியிருக்க மாட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மந்த்ரஸ்தாயி:

ஆஹிரி நல்ல கேள்வி. ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். வரிசை தீர்ந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார் பாருங்கள். ஏற்கெனவே வந்ததில் ஒன்றை எடுத்துத் திரும்பப் போடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ஸர்வானந்தமய சக்கரம் என்ற கடைசி ஆவரணத்துக்கு ஏற்ற உச்சியாக ஆக்குகிறார். அதே கை ராகுவுக்கும் கேதுவுக்கும் பாடியிருந்தால், செவ்வாய்க்கிழமை ரூபகத்தை இரண்டு தடவை திரும்ப எடுத்திருக்குமா?

கமலாலயக்கரை:

இரண்டு பேரும் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. கச்சேரிப் பக்கமும் கொஞ்சம் பேசலாமே. நவராத்திரியில் ஒரு நாளுக்கு ஓர் ஆவரணம் என்று பாடுகிற வழக்கம் பல ஊர்களில் இருப்பதால்தான் கமலாம்பாள் வரிசை முழுசாக நிற்கிறது. நீலோத்பலாம்பாளுக்கு அப்படி ஒரு நாள் யாரும் ஒதுக்கவில்லை. ரீதிகௌளயும் நாராயணகௌளயும் எப்போதாவது கேட்கிறோம். பூர்வகௌளயைக் கடைசியாக எந்த மேடையில் கேட்டீர்கள்? தியாகராஜ சுவாமி மேல் செய்த வேற்றுமை வரிசைக்கும் இதே கதிதான். எட்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசை, ஊரில் சபாக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வில்லும் தந்தியும்:

நான் எதில் தொடங்கலாம்? எல்லோரும் வாதாபி கணபதிம் சொல்கிறார்கள்.

தந்தி மீட்டுபவர்:

வாதாபி நல்ல தொடக்கம்தான் தம்பி. தகப்பனார் உண்டாக்கிய ஹம்சத்வனியில் பிள்ளை செய்த பாட்டு. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு வருகிறவருக்கு நான் வார கிருதிகளைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சூர்யமூர்த்தேயில் தொடங்குங்கள். துருவ தாளம் கையில் நிற்கிற வரைக்கும் அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். பதினான்கு அட்சரத்தை நிதானமாகப் போட்டுக்கொண்டே சாகித்தியத்தைச் சொல்லிப் பாருங்கள், வயலினை அப்புறம் எடுக்கலாம். சென்னை மியூசிக் அகாடமி பிரதர்சினியைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாகப் போட்டிருக்கிறது, நூலகத்தில் கிடைத்தால் கமகக் குறி விளக்கத்தை முதலில் படியுங்கள். ரெக்கார்டிங் கேட்பதாக இருந்தால் டி. கே. பட்டம்மாள் பாடியவற்றைக் கேளுங்கள். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் நேராகப் பாடம் செய்தவர் அவர்.

ராகவேட்டை:

ஏழையும் முடித்தபின் ஸ்மராம்யஹமும் மஹாசுரமும் கற்றுக்கொள் தம்பி. சண்முகப்ரியாவில் அந்தக் கேது பாட்டை வயலினில் வாசித்துப் பழகிவிட்டு, அது தீட்சிதர் கையா இல்லையா என்று இங்கே வந்து எழுது. மந்த்ரஸ்தாயி சாருக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்.